பத்துத்தூண் சந்தில் அண்ணாந்து பார்த்தபோது

அப்பாவுக்கு வேட்டி எடுக்க நேற்று பத்துத்தூண் சந்துக்குப் போனேன். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவன். அந்தத் தூண்களை ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. துணிக்கடைப் பலகைகளுக்கு மேலே கருங்கல் ஓங்கி நிற்கிறது, உச்சியில் புறாக்கள். நாயக்கர் அரண்மனையின் மிச்சம்!

பக்கத்திலேயே விளக்குத்தூண். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்ததாம். பிரிட்டிஷ் காலத்தில் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தவர் அவர்தான். அந்த வேலையை மேற்பார்த்தவர் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதி. அளந்தவர் பெயரில் மாரட் வீதி. ‘மாரட்’ என்பது மராட்டியர் சமாச்சாரம் என்றே இத்தனை வருடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், வெட்கம்!

பெரியார் பஸ் நிலையம் பக்கம் கோட்டை வாசலின் துண்டு ஒன்று மிச்சமிருக்கிறது. மாலையில் அங்கே போகிறேன். வேட்டியும் இன்னும் எடுக்கவில்லை.