வெள்ளவத்தையிலிருந்து செட்டியார் தெருவுக்கு: தெரிவுகள் பேசுமா? மூன்றாம் வடிவம்

இது தெரிவுகளைத் தட்டித் தட்டி வாசிக்கும் கணினிக் கதை விளையாட்டு. கதை சின்னது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பெண்ணின் கையில் அடகுத் துண்டு. செட்டியார் தெருவில் அடகுக் கடை மூட இன்னும் 50 நிமிடம். மழை. 100ஆம் இலக்க பஸ், கரையோர ரயில், ஆட்டோ என்று மூன்று வழி. எதில் ஏறினாலும் போய்ச் சேருவது புறக்கோட்டைக்குத்தான். கிளைக்கதைகள் கட்டும் ட்வைன் 2 மென்பொருளில், அதன் சுகர்கியூப் என்ற கதையமைப்பில் இதைக் கட்டியதற்கு ஒரே நோக்கம்: முடிவுகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் தெரிவுக்குப் பெறுமதி வருமா என்று பார்ப்பது.

முதல் வடிவம் மரம் போன்றது. ஒவ்வொரு தெரிவும் தன் பாட்டில் கிளைத்துப் போகும், திரும்பிச் சேராது. கணக்குப் போட்டால் தலை சுற்றும். தெரிவுக்கு இரண்டு பதில் என்று வைத்து ஆறு தெரிவு கொடுத்தால் 64 முடிவு, 127 பாசேஜ் (திரையில் ஒரு முறைக்கு வரும் துண்டு). பாசேஜுக்கு 80 சொல் என்றால் 10,160 சொல் எழுத வேண்டும். ஒரு முறை விளையாடுபவர் பார்ப்பது ஏழே பாசேஜ், 560 சொல். மீதி எல்லாம் இருட்டில் கிடக்கும். நான்காவது தெரிவுக்கு வரும்போதே எழுத்து மெலியத் தொடங்கியது. கிளை நுனிகளில் ஒரே வசனம் வேறு உடுப்பில் திரும்பத் திரும்ப வந்தது. அந்த வடிவத்தை அங்கேயே கைவிட்டாச்சு.

பெரிய ஸ்டூடியோக்களும் இந்தக் கணக்குக்குத் தப்பவில்லை. 2012இல் வந்த த வோக்கிங் டெட் விளையாட்டின் முதல் அத்தியாயத்தில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்றலாம். யாரைக் காப்பாற்றினாலும் மூன்றாம் அத்தியாயத்தில் அவர் கொல்லப்படுவார். இருவரையும் கடைசி வரை கொண்டுபோனால் ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு வசனம், இரண்டு குரல்பதிவு. 2011இல் வந்த த விட்சர் 2 துணிந்து வேறு மாதிரிச் செய்தது. யார் பக்கம் சேர்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாம் அத்தியாயம் வேறு இடத்தில், வேறு ஆட்களோடு நடக்கும். அதில் பாதியை விளையாடுபவர் பார்க்கவே மாட்டார் என்று தெரிந்தே கட்டியது. தனியாளுக்கு அது சரிவராது.

இரண்டாம் வடிவத்தில் ஒவ்வொரு தெரிவும் கிளைத்து, அடுத்த பாசேஜிலேயே மீண்டும் ஒன்றுசேர்ந்தது. தொடக்கம் ஒன்று, பயண வழித் தெரிவுக்கு மூன்று கிளையும் ஒரு சேருமிடமும், மற்ற ஐந்து தெரிவுக்கும் தலா மூன்று பாசேஜ். மொத்தம் 20 பாசேஜ், 1,600 சொல். விளையாடுபவர் அதில் 13ஐப் பார்ப்பார். உழைப்பு வீணாகவில்லை. ஆனால் இரண்டாம் முறை விளையாடினால் குட்டு வெளிப்பட்டுவிடும், எதைத் தட்டினாலும் ஒன்றுதான்.

ஏன் அப்படி என்று தேடியதில் கிடைத்த பதில் எளியது. கதை ஒன்பது மாறிகளில், அதாவது பெறுமதியை நினைவில் வைக்கும் பெயர்களில், விளையாடுபவரின் தெரிவுகளைக் குறித்து வைத்திருந்தது. ஒரு தாளில் மாறிகளின் பெயரை எழுதி, பக்கத்தில் இரண்டு நிரல் போட்டு, எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது, எத்தனை இடத்தில் வாசிக்கப்படுகிறது என்று எண்ணினால் நான்கு மாறிகளுக்கு இரண்டாவது நிரலில் பூச்சியம். குறித்து வைத்துவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத கணக்குக் கொப்பி மாதிரி. தெரிவு செல்லுபடியாகிறதா என்பதற்கு இதைவிட நேரான சோதனை கிடையாது. வாசிப்பு பூச்சியமானால் ஒன்று மாறியை நீக்க வேண்டும், அல்லது அதை வாசிக்கும் ஒரு வரி எழுத வேண்டும்.

மூன்றாம் வடிவத்தில் புதிய பாசேஜ் ஒன்றுகூடச் சேரவில்லை. இருக்கும் பாசேஜ்களுக்குள் 14 நிபந்தனை வரிகள் (மாறியின் பெறுமதியைப் பார்த்து மட்டுமே தோன்றும் வரிகள்), ஒவ்வொன்றும் சுமார் 12 சொல். மொத்தம் 170 சொல்லுக்குள் அடங்கிவிட்டது. இவற்றில் குடைதான் நன்றாக வேலை செய்கிறது. வெள்ளவத்தையில் நனையும் ஆச்சி ஒருவருக்குக் குடையைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். கொடுத்தால் உடனே ஒன்றும் நடக்காது. நான்கு பாசேஜ் கழித்துப் புறக்கோட்டையில் அடகுத் துண்டு நனைந்து இலக்கம் கரைகிறது, கடைக்காரர் முகம் சுளிக்கிறார். பலன் அடுத்த பாசேஜிலேயே வந்தால் பரீட்சை விடை மாதிரி இருக்கும். மிகவும் தள்ளிப் போனால் மறந்துவிடும். மூன்று நான்கு பாசேஜ் இடைவெளி சரியாக இருக்கிறது. ஒரு நிபந்தனை: துண்டு சட்டைப்பையில் உறையில்லாமல் இருப்பதைக் குடைக்கு முன்பே ஒரு வரியில் காட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பலன் இல்லை, எழுதினவர் வைத்த பொறி.

பஸ்ஸில் கொண்டக்டர் ‘கொஹேத?’ (எங்கே?) என்று கேட்கும் இடத்தில் சிங்களத்தில் பதில் சொல்லலாம், தமிழிலும் சொல்லலாம். முதலில் ஒன்றுக்குப் பரிசும் மற்றதற்குத் தண்டனையும் இருந்தது. அது பிழை, கொழும்பில் தினம் பஸ் ஏறுகிறவர் சிரிப்பார். இப்போது சிங்களத்தில் சொன்னால் கொள்ளுப்பிட்டி நெரிசலைப் பற்றிக் கொண்டக்டர் எச்சரிப்பார். தமிழில் சொன்னால் பக்கத்து இருக்கை அன்ரி கடைக்காரரின் குணத்தைச் சொல்லுவா. இரண்டும் வேறு தகவல், இரண்டும் பின்னால் பயன்படும்.

‘நம்பிக்கைப் புள்ளி’ என்ற எண் மாறியைத் தூக்கியாச்சு. மூன்று கூட்டி இரண்டு கழித்து கடைசியில் ஐந்துக்கு மேலா என்று பார்ப்பது எழுதுபவருக்கு வசதி, விளையாடுபவருக்குத் தெரியாது. 2012இல் மாஸ் எஃபெக்ட் 3 விளையாட்டின் முடிவுக்கு எழுந்த கோபத்திலும் இது உண்டு: மூன்று பாகங்களில் சேர்த்த தெரிவுகள் ஓர் எண்ணாகச் சுருங்கிப்போயின. அதே ஆண்டு ஜூனில் முடிவை விரித்துச் சொல்லும் இலவசச் சேர்க்கை வெளியிட வேண்டி வந்தது. எங்கள் கதையில் நேரம் மட்டும் எண்ணாகவே இருக்கிறது. மூன்று வழியும் சேரும் இடத்தில் புறக்கோட்டையின் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தை நிறுத்தி, மீதி நிமிடங்களை அதன் முகத்திலேயே காட்டிவிட்டோம். உண்மைக் கோபுரம் எப்படியோ, கதையில் அது சரியான நேரம் காட்டும்.

சுகர்கியூபில் கடிபட்ட இடங்கள் சில. மாறியின் பெயரில் தமிழ் எழுத்து செல்லாது, ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும். பாசேஜ் தலைப்பு தமிழில் இருக்கலாம். பெயரில் சிற்றெழுத்து பேரெழுத்து மாறினால் அது வேறு மாறி, பிழைச்செய்தியும் வராது, நிபந்தனை வரி சத்தமில்லாமல் காணாமல் போகும். ஆகவே பெயர்களை ஓரிடத்தில் வைத்து ஒப்பிட, எல்லா மாறிகளுக்கும் தொடக்கப் பெறுமதியைக் கதை தொடங்குமுன் ஓடும் ஸ்டோரிஇனிட் பாசேஜிலேயே கொடுக்க வேண்டும். பஸ், ஆட்டோக் கட்டணங்களும் அங்கேதான், அவை மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும். கதையின் நடுவிலிருந்து சோதித்துப் பார்க்கும் வசதி அந்தத் தொடக்கப் பெறுமதிகளோடுதான் திறக்கும். குடை கொடுத்த பாதையைச் சோதிக்க ஒன்று முதலிலிருந்து வர வேண்டும், அல்லது தற்காலிகமாகப் பெறுமதியை மாற்ற வேண்டும். மாற்றியதைத் திருப்பி வைக்க மறந்தால் எல்லோருமே குடை கொடுத்தவர்களாகிவிடுவார்கள்.

பக்கப்பட்டையில் பின்னோக்கிப் போகும் அம்புக்குறியையும் எடுத்தாச்சு. பத்து நிமிடக் கதையில் ஒரு தட்டில் தெரிவைத் திரும்பப் பெற முடிந்தால் குடை கொடுத்ததற்கு என்ன கனம்?

ஆட்டோ வழிதான் இன்னும் சப்பென்று இருக்கிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் ஆட்கள் இருக்கிறார்கள், பேச்சு காதில் விழுகிறது. ஆட்டோவில் மீற்றர் மட்டுமே ஓடுகிறது. அந்த வழியின் தெரிவை வாசிக்கும் வரி தற்போது ஒன்றே ஒன்று: கடை வாசலில் சில்லறை போதாமல் நிற்பது.