90 மில்லிமீட்டர்: ஒரு ஜோடி சைலன்சரின் நாட்குறிப்பு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

என் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் பைக்கைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு, எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாகக் கண்ணை உறுத்தியது எது என்று இன்றுதான் பிடிபட்டது. சைலன்சர்கள் நீளம்.

போன அக்டோபரில் கம்பெனி ஜோடியைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டு வெளியில் வாங்கி மாட்டிய ஜோடி இது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நேரான உருளை, முன்னால் கூம்பு, பின்னால் ரிவெட் அடித்த மூடி. வேலைப்பாட்டில் குறை இல்லை, சத்தமும் அடக்கம்தான். ஆனால் பின்சக்கர ஆக்சிலைத் தாண்டி அரைச் சாணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த வண்டியின் அழகே டேங்க், சீட், பின் மட்கார்டு மூன்றும் ஒரே கோடாக ஓடி 18 அங்குலச் சக்கரத்தில் போய் முடிவதுதான். 1960-களில் இங்கிலாந்தில் வந்த இன்டர்செப்டரை மனதில் வைத்து வரைந்த உருவம் அது. கீழே இரண்டு குழாய்கள் அந்தக் கோட்டை முந்திக்கொண்டு வெளியே வந்தால் கண் சக்கரத்துக்குப் போவதே இல்லை, குழாய் நுனியில் நின்றுவிடுகிறது.

குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று வெட்டாமலே வெட்டிப் பார்த்தேன். கருப்பு இன்சுலேஷன் டேப்பை மூடியிலிருந்து முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டுக் கேட் கரும்பச்சை. சாயங்கால வெளிச்சத்தில் அதன் முன்னால் வண்டியை நிறுத்தினால் டேப் சுற்றிய பகுதி தெரிவதில்லை, மிச்சம் மட்டும் மின்னுகிறது. ஐந்து மீட்டர் தள்ளிக் குந்தி, ஆக்சில் உயரத்தில் செல்போனைப் பிடித்து, 50, 90, 130, 160 மில்லிமீட்டர் என்று நான்கு அளவில் படம் எடுத்தேன். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் நீளம் பொய் சொல்லும்.

50 குறைத்தால் ஒரு மாற்றமும் தெரியவில்லை. 160-ல் சைலன்சர் அடிமரம் மாதிரி நிற்கிறது, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மின் பின்நுனி அம்மணமாகத் தெரிகிறது. மனம் போய் நின்றது 130-ல். நுனி சரியாக ஆக்சிலுக்கு நேர் வருகிறது. 90-ல் ஆக்சிலைத் தாண்டி இரண்டு விரல் அளவு நிற்கிறது.

அம்மா வெளியே வந்து பார்த்தார். "ஏங் கண்ணு, புதுசா வாங்குனதையவா வெட்டப் போற?" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம்தான் உறைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் மருதமலைக்கு இந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருவது அம்மாதான். இடது பக்கமாக, சேலையோடு. இடது சைலன்சரின் வாய் எங்கே முடிகிறது என்பது முதலில் அம்மாவின் பிரச்சினை, அப்புறம்தான் என் கண்ணின் பிரச்சினை.

ஜனவரி 13, திங்கள்

போகி. காலையிலேயே சோதித்துவிட்டேன். 130 குறைத்தால் வாய் எங்கே வருமோ அந்த இடத்துக்குப் புகையைத் திருப்ப ஒரு தகர முழங்கையை வாயில் கட்டினேன். சேலைக் காப்புக் கம்பியில், முந்தானை விழும் இடத்தில், டிஷ்யூ பேப்பர் நாடா ஒன்று. எஞ்சினை முறுக்கியதும் நாடா நன்றாகவே படபடத்தது. 90-க்குத் தள்ளி வைத்தபோது அசையவில்லை. சரியான ஆய்வு என்று இதைச் சொல்ல மாட்டேன். எனக்கு முடிவெடுக்க இது போதும். 90 மில்லிமீட்டர்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். நண்பன் தன் வண்டியில் வந்தான். அவனுடையது மெகாஃபோன் வகை. முன்னால் ஒல்லியாகத் தொடங்கிப் பின்னால் விரிந்துகொண்டே போகும். தனதையும் சேர்த்து வெட்டித் தரச் சொல்லலாம் என்றான். இருவரும் கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறை அண்ணனைப் பார்க்கப் போனோம். பட்டறை பூட்டிக் கிடந்தது, வீடு பின்னாலேயே என்பதால் கரும்பு கடித்துக்கொண்டே பேசினார்.

என்னுடையதைத் தட்டிப் பார்த்து, "தம்பி, வெட்டறது அரை மணி நேர வேலைங்க. ரெண்டும் ஒரே அளவுல வரோணும், சூட்சுமம் அதுலதான் இருக்குது" என்றார். நண்பனுடையதைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார்.

காரணம் எளிது. என் சைலன்சரின் உடல் நேரான உருளை. பின்னாலிருந்து எவ்வளவு வெட்டினாலும் விட்டம் மாறாது, பழைய மூடி அப்படியே பொருந்தும். விரியும் உடலில் பின்னால் வெட்டினால் வாய் சிறுத்துவிடும், மூடி உள்ளே போகாது. நடுவில் ஒரு வளையத்தை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பாதியையும் ஒட்டலாம் என்றால், ஒரு பாதியின் வாய் பெரிது, இன்னொன்று சிறிது. நடுவில் படி விழும். புதிதாகத் தகடு உருட்டிக் கூம்பு செய்து ஆர்கான் வெல்டிங்கில் வைத்தால்தான் உண்டு. அந்தச் செலவுக்குக் குட்டையான ஜோடியையே வாங்கிவிடலாம். நண்பனுக்கு ஏமாற்றம். இந்த மாதிரி வேலையை நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: உடல் நேரா, விரிகிறதா.

முன்பக்கம் வெட்டலாமா என்றும் கேட்டேன். அங்கே கூம்பு வெல்டிங் இருக்கிறது, உள்குழாயும் அங்கேதான் ஒட்டியிருக்கிறது, பில்லியன் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டில் பிடிக்கும் கிளாம்பின் இடமும் மாறிவிடும். பின்னால் வெட்டினால் இதில் எதையும் தொட வேண்டியதில்லை. ஆக்சிஜன் சென்சாரும் முன்னால், எஞ்சினிலிருந்து வரும் பென்ட் பைப்பிலேயே இருப்பதால் அந்தக் கவலையும் இல்லை.

ஜனவரி 25, சனி

வெட்டியாயிற்று. கை இன்னும் அரிக்கிறது.

காலை ஒன்பது மணிக்குப் பட்டறை. முதலில் மூடியின் எட்டு ரிவெட்டுகளையும் ட்ரில்லில் தலை எடுத்து, ரப்பர் சுத்தியால் தட்டி மூடியைக் கழற்றினோம். உள்ளே நடுவில் துளைகள் நிறைந்த குழாய், அதைச் சுற்றிக் கிளாஸ் வுல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு. புகை அந்தக் குழாய் வழியே நேராகப் போய்விடும். சத்தம் மட்டும் துளைகள் வழியாக வுல்லுக்குள் நுழைந்து, இழைகளில் உரசி உரசிச் சூடாக மாறி அடங்கும். அதாவது சத்தத்தைத் தின்பது நீளமும் வுல்லும். 460 மில்லிமீட்டர் உடலில் 90-ஐ எடுத்தால், தின்னும் வயிற்றில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்த மாதிரி. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன்.

கிளாஸ் வுல்லை எடுக்கும்போது முகமூடி போட்டிருந்தேன், கையுறை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. முழுக்கைச் சட்டை போட்டுப் போயிருக்க வேண்டும்.

கோடு போட அண்ணன் வைத்திருந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. அகலமான கெட்டிக் காகிதத்தை உருளையில் சுற்றி, ஓரமும் ஓரமும் மயிரிழை பிசகாமல் சேரும்படி இழுத்துப் பிடித்தால், காகித விளிம்பு தானாகவே அச்சுக்குச் செங்குத்தாக நிற்கும். அதை ஒட்டி மார்க்கர். அதன்மேல் மாஸ்கிங் டேப். ஸ்கேல் வைத்து நாலு புள்ளி குறித்துச் சேர்த்திருந்தால் கோடு இவ்வளவு நேராக வந்திருக்காது.

கட்டிங் வீல் ஒரு மில்லிமீட்டர் தடிமன், புதிது. சாதா இரும்பு வெட்டிய வீலை ஸ்டெயின்லெஸ்ஸில் வைக்கக் கூடாது. இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு பிற்பாடு துரு பூக்கும். ஒரே மூச்சில் ஆழமாக வெட்டாமல், உருளையைத் திருப்பித் திருப்பி முதலில் கீறல், அடுத்த சுற்றில் கொஞ்சம், அதற்கடுத்த சுற்றில் முழுதும் என்று வெட்டினார். அவசரப்பட்டால் தகடு சூடேறி நீலம் பாய்ந்துவிடும். இரண்டு வளையங்கள் கீழே விழுந்தன. வெர்னியரில் இரண்டுமே 90-க்குப் பக்கத்தில், கால் மில்லிமீட்டர் வித்தியாசம். அரத்தால் பிசிறு எடுத்தோம்.

உள்குழாயையும் அதே 90 குறைத்தோம். அது மூடிக்குள் செருகித்தான் நிற்கிறது, வெல்டிங் இல்லை. வெல்டு வைத்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம் என்றார். ஓடும்போது உள்குழாய் வெளித்தகட்டைவிட அதிகம் சூடாகி அதிகம் நீளும், நீள இடம் இல்லாவிட்டால் வெல்டிங்கைப் பிய்க்கும். அதற்காகவே மூடிக்குள் சில மில்லிமீட்டர் காலி விட்டார்.

ரிவெட் துளைகளுக்கு மறுபடி காகிதம்தான். சுற்றளவுக்கு ஒரு நாடா வெட்டி, மூன்று தடவை மடித்தால் எட்டு சம பாகம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் புள்ளி. 4.8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ரிவெட். அலுமினிய ரிவெட் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். வாயில் ஒற்றை ஸ்க்ரூவில் நிற்கும், சத்தத்தைக் குறைக்கும் செருகலான டிபி கில்லரைத் திரும்பப் போட்டோம். அதை எடுத்துவிட்டால் 'பீட்' நன்றாக இருக்கும் என்று பட்டறையில் நின்ற இரண்டு பேர் சொன்னார்கள். எனக்கு வேண்டியது பார்வைக்குக் குட்டையான சைலன்சர். சத்தம் அல்ல.

வண்டியில் மாட்டிப் பின்னால் நின்று பார்த்தால், இடது சைலன்சர் வலதைவிட அரை விரல் நீளம்! வயிறு கலங்கிவிட்டது. வெர்னியர் வைத்தால் இரண்டும் 370. அப்புறம் அண்ணன்தான் கண்டுபிடித்தார். இடது சைலன்சர் பென்ட் பைப்பில் முழுதாக ஏறவில்லை, நடுவே இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டில் சிக்கி நின்றிருந்தது. கிளாம்பைத் தளர்த்தி, இரண்டையும் ஆக்சில் மையத்திலிருந்து நுனி வரை அளந்து சமமாக்கி, கிளாம்பை முறுக்கினோம்.

வீட்டுக்கு வந்து எதிர்த் திண்ணையில் உட்கார்ந்தேன். கண் டேங்கில் தொடங்கி, சீட்டில் வழுக்கி, சக்கரத்துக்குப் போய் நின்றது.

ஜனவரி 26, ஞாயிறு

அழகுக்குக் கொடுத்த விலை காலையிலேயே தெரிந்தது. எதிர்வீட்டில் ஒன்றரை மாதக் குழந்தை. நான் ஸ்டார்ட் செய்ததும் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. இந்த மூன்று மாதத்தில் அவர்கள் ஒரு தடவையும் அப்படிச் செய்ததில்லை. ஆக்சிலரேட்டரை விட்டால் பட் பட் என்று வெடிப்பு வேறு.

வெட்டுவதற்கு முன்பே சத்தத்தைச் செல்போன் செயலியில் அளந்து வைத்திருந்தேன். வாயிலிருந்து அரை மீட்டர், 45 டிகிரி சாய்வு, அதிகபட்ச சக்தி வரும் வேகத்தில் பாதி, அதாவது ஏறக்குறைய 3,600 சுழற்சி. அன்று 88 டெசிபல். இன்று 92. செல்போன் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனால் அதே போன், அதே இடம், அதே தூரம் என்பதால் வித்தியாசத்தை நம்பலாம். டெசிபலில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. நாலு என்பது சின்ன எண் அல்ல.

175 சிசி-க்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிக்கு நம் நாட்டில் 80 டெசிபல் வரம்பு. அது வண்டி கடந்து போகும்போது 7.5 மீட்டர் தள்ளி அளப்பது, என் அரை மீட்டர் அளவோடு ஒப்பிட முடியாது. சத்த விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்சும் மூன்று மாதம் போகலாம். அதைவிட அந்த ஜன்னல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இதைச் சரி செய்யாமல் வண்டியைத் தெருவில் எடுப்பதில்லை. கம்பெனி ஜோடியைப் பரணிலிருந்து இறக்கி மாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இரண்டு தப்பு நடந்திருக்கிறது, இரண்டுமே என்னுடையது. பழைய கிளாஸ் வுல்லையே திரும்பத் திணித்தேன். எடுக்கும்போது கிழிந்து துண்டு துண்டாகியிருந்தது, சில இடத்தில் கட்டியாகவும் சில இடத்தில் காலியாகவும் உட்கார்ந்துவிட்டது. காலி இடத்தில் சத்தம் தகட்டைத் தட்டிக்கொண்டு வெளியே வரும். இன்னொன்று, இடது பக்கம் சிக்கி நின்ற கேஸ்கெட் நசுங்கிப் போயிருந்ததைக் கவனிக்காமல் அதையே போட்டது. அந்த இடுக்கில் வெளிக்காற்று உள்ளே ஏறி, எரியாத பெட்ரோலோடு சேர்ந்துதான் பட் பட்.

பட்டறையில் வைத்து மறுபடி திறந்தோம். நீள இழை கிளாஸ் வுல் புதிதாக வாங்கி, குழாயின் மேல் பாய் சுருட்டுவது போலச் சீராகச் சுற்றி, சணல் நூலால் கட்டி உள்ளே இறக்கினோம். நூல் சூட்டில் எரிந்துபோகும், வுல் விரிந்து தகட்டில் உட்காரும். அழுத்தித் திணித்தாலும் கெடுதல்தான், இழைகளுக்கு நடுவே காற்று இருந்தால்தான் சத்தம் உள்ளே நுழையும். டிபி கில்லருக்குப் பதில் அதைவிட 60 மில்லிமீட்டர் நீளமான ஒன்றை, துளைக் குழாயில் அண்ணன் செய்து கொடுத்தார். மூடிக்குள் மறைந்துவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் புது கேஸ்கெட்.

அதே இடம், அதே தூரம்: 88. வெடிப்பும் நின்றுவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

விடியற்காலை ஐந்து மணிக்கு, ஆழியார் வழியாக வால்பாறை. தெருவை விட்டு வெளியேறும்போது எதிர்வீட்டு ஜன்னல் திறந்தே இருந்தது, திறந்தபடியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை தைப்பூசம். பொள்ளாச்சி ரோடு முழுக்கப் பழனிக்கு நடந்து போகிறவர்கள். பச்சை வேட்டி, காவடி, பின்னால் பாட்டுப் போட்டுக்கொண்டு மெதுவாக வரும் மினி ஆட்டோ. ஓரத்தில் தார்ப்பாய் விரித்துப் படுத்திருந்த கூட்டத்தை மூன்றாவது கியரில், முறுக்காமல், கடந்தேன். ஒரு தலையும் திரும்பவில்லை.

ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். வலது பக்கம் நன்றாகச் சாய்த்த இடத்திலும் எங்கேயும் உரசவில்லை. நீளமாக இருந்தபோது வளைவில் கண்ணாடியில் ஒரு மினுக்கல் தெரியும், இப்போது இல்லை. ஒன்பதாவது வளைவுப் பக்கம் நிறுத்தி, அணையைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல வண்டியைப் பக்கவாட்டில் வைத்துக் குந்தி ஒரு படம் எடுத்தேன். பாறைச் சுவரில் வரையாடு ஒன்று நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் செய்தேன். காதைத் திருப்பியது, மறுபடி மேயத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை அம்மாவோடு மருதமலை.