அக்கா வீட்டு அலாரமும் நான் கட்டிய ஐயாயிரமும்

கொக்குவிலில் அக்காவின் வீட்டைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அக்கா குடும்பம் ரொறன்ரோவில். எங்கள் ஒழுங்கையில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஐந்து. மூன்றில் திருட்டு அலாரம் இருக்கிறது. போன வருடம் சோளகக் காற்று தொடங்கியதும் மூன்றும் மாறிமாறிக் கத்தின. பக்கத்து வீட்டு மாமிக்கு நித்திரை போனது. பொலிஸார் இரண்டு தரம் வந்து வளவைச் சுற்றிப் பார்த்தார்கள். மூன்றாம் தரம் 119-க்கு எடுத்தபோது, "ஆள் யாரையும் கண்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். உண்மையிலேயே கள்ளன் வந்தாலும் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது என்ற நிலை.

கடைசியில் சனசமூக நிலையத்தில் கூடி ஒரு ஒழுங்கு வைத்தோம். திறப்பு வைத்திருக்கும் இருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டும். வருடத்தில் இரண்டு பொய் அலாரம் வரை ஒன்றுமில்லை. மூன்றாவதற்கு 2,000 ரூபா, நான்காவதற்கு 5,000. திருத்தியதற்குக் கடிதம் கொடுத்தால் கடைசியாகக் கட்டியது திரும்பக் கிடைக்கும். அக்காவுக்கு இது புதினமாக இல்லை. ரொறன்ரோவில் பொலிஸ் வீணாக வந்தால் 130 டொலர் அறவிட்டார்களாம். 2018 செப்டெம்பரில் இருந்து, கமராவிலோ நேரிலோ யாராவது பார்த்து உறுதிப்படுத்தாத அலாரத்துக்குப் பொலிஸ் வருவதே இல்லையாம்.

ஒழுங்கு வந்து ஆறே கிழமையில் நான் 7,000 ரூபா கட்டிவிட்டேன். அதைவிட நோகடித்தது பிறகு நான் அலைந்த அலைச்சல்தான்.

அலாரத்தைப் பூட்டிக் கொடுத்த கடை யாழ்ப்பாண நகரில். திருத்தவும் கடிதம் வாங்கவும் அங்கேதான் போக வேண்டும். முதல் நாள் போனால், பில் இல்லாமல் பதிவைத் தேட ஏலாது என்றார்கள். பில் அக்காவிடம். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார், அச்செடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மூலப் பில்தான் வேண்டுமாம். ரொறன்ரோவில் இருப்பதை எப்படிக் கொண்டுவருவது? முகம் நிமிர்த்திப் பதில் சொல்லக்கூட கடையில் இருந்த பிள்ளைக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் வேலை கெட்டது.

அன்று பின்னேரம் அலாரத்தின் பிரதான பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கத்தில் தொடர் இலக்கத்தோடு ஒரு ஸ்டிக்கர்! அதைப் படமெடுத்துக் காட்டியதும் ஐந்து நிமிடத்தில் பதிவு கிடைத்தது. உங்கள் வீட்டிலும் இருக்கும், இன்றைக்கே படமெடுத்து வையுங்கள்.

திருத்த வந்த தம்பி நல்ல பிள்ளை. பற்றறி வயிறு ஊதிப் போயிருந்தது. 12 வோல்ட் பற்றறி, மீற்றரில் 10.4 காட்டியது. 2019-இல் போட்டது, அதன் பிறகு யாரும் மாற்றவில்லை. கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தரமும் கத்தியதற்கு அதுதான் காரணம். ஹோலில் இருந்த சென்சரின் கண்ணாடியில் சிலந்தி வலை, அதன் மேல் பல்லி எச்சம் கோடு கோடாக. அது வெப்பம் அசைவதைப் பார்க்கும் சென்சர். கண்ணாடியின் மேலேயே பல்லி ஓடினால் ஆள் நடந்த மாதிரித்தான் அதற்குத் தெரியுமாம். பின்கதவு சோளகக் காற்றில் ஆடி, கதவு திறந்ததை அலாரத்துக்குச் சொல்லும் காந்தம் விலகியிருந்தது.

பற்றறி மாற்றி, வயர் போகும் ஓட்டையைச் சிலிக்கோனால் அடைத்து, காந்தத்தை நெருக்கிப் பூட்டினார். இரண்டு சென்சர் அடுத்தடுத்துப் பிடித்தால் மட்டும் சைரன் அடிக்கவும், ஐந்து நிமிடத்தில் தானாக நிற்கவும் செய்து தந்தார். இவற்றை நீங்களாகவே கேட்டுச் செய்வியுங்கள், கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

கடிதத்திலும் கவனம் தேவை. "திருத்தப்பட்டது" என்ற ஒற்றை வரியைச் சனசமூக நிலையப் பொருளாளர் ஏற்கவில்லை. காரணம், திகதி, கடை முத்திரை எல்லாம் வேண்டுமாம். அதற்காக இன்னொரு தரம் பஸ் ஏறினேன். 5,000 கைக்கு வந்தது. 2,000 வராது என்றார்கள், சரி, ஒழுங்கு அப்படித்தான்.

இப்போது மாதத்தின் முதல் வெள்ளி, நல்லூருக்குப் போய் வரும் வழியில் சோதித்துப் பார்க்கிறேன். மாமிக்கு முதலே சொல்லிவிட்டு அடிக்க விடுவேன். மதிலடியில் நின்று கேட்டுவிட்டு, "நிண்டிட்டுது தம்பி" என்று அவரே குரல் கொடுப்பார்.