நாந்த் நகரம்: ஆத்தங்கரையில பதிச்சு வச்சிருக்கிற கப்பல் பேருங்க

பிரான்ஸ்ல லுவார் ஆத்தங்கரையில இருக்கிற நாந்த் நகரம் 18ஆம் நூற்றாண்டுல பணத்துல கொழிச்சுச்சு, ஆனா அந்தப் பணம் பெரும்பாலும் அடிமை வியாபாரத்துல வந்தது. இங்கேருந்து துணி, துப்பாக்கின்னு ஏத்திக்கிட்டு ஆப்பிரிக்கா போய், அதுக்குப் பதிலா மனுஷங்களை வாங்கி, கரீபியன் தீவுகள்ல வித்துட்டு சர்க்கரையோட திரும்புவாங்க. அந்தத் துணியில நம்ம சோழமண்டலக் கரையில நெய்த பருத்தித் துணியும் இருந்துச்சு, அதை நினைச்சாலே மனசு என்னமோ பண்ணுது.

ஃபெய்தோ தீவு பக்கம் வியாபாரிங்க கட்டுன மாளிகைங்க இன்னமும் நிக்குது, ஜன்னலுக்கு மேல கல்லுல செதுக்கின முகங்களோட. மணல்ல கட்டுனதால சிலது சாஞ்சிருக்கு. சுத்தி ஓடுன வாய்க்காலை 20ஆம் நூற்றாண்டுல மூடிட்டாங்க, பேருக்குத்தான் இப்ப தீவு.

1987ல கப்பல் கட்டுற தளமும் மூடியாச்சு, எத்தனை குடும்பம் தவிச்சிருக்கும். அந்த இடத்துலதான் இப்ப 12 மீட்டர் உயர இயந்திர யானை ஆளுங்களை ஏத்திக்கிட்டு நடக்குது.

ஆனா எனக்குப் பெருசாப் படுறது 2012ல திறந்த நினைவிடம்தான். நடைபாதையில சுமார் 2000 கண்ணாடிப் பலகை, பெரும்பாலானதுல அடிமைக் கப்பலோட பேரும் கிளம்புன தேதியும். தான் செஞ்ச பாவத்தை ஊரு நடுவுல இப்படி எழுதி வைக்க ஒரு ஊருக்கு ரொம்ப தைரியம் வேணும்ங்க.