3.9 கிராம்

2021 மே 4, செவ்வாய்

கொரோனா வந்ததிலிருந்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொலைபேசியில்தான் வாதம் கேட்கிறது. அதனால் மேரிலாண்டில் வீட்டில் உட்கார்ந்துகொண்டே நேரலையில் கேட்க முடிகிறது. இன்றைக்கு ஃப்ளோரிடாக்காரர் ஒருவரின் வழக்கு. விற்பதற்காக கிராக் கோகைன் வைத்திருந்தார், 3.9 கிராம். அரைப் பவுன் எடைகூட வராது. பதின்வயதில் செய்த இரண்டு பழைய குற்றங்களையும் சேர்த்துப் பார்த்து 188 மாதம் போட்டிருக்கிறார்கள். பதினைந்தரை வருடத்துக்கும் மேல்!

தண்டனையைக் குறைக்கச் சட்டம் இடம் தருகிறதா என்பதுதான் கேள்வி. வேடிக்கை என்னவென்றால், ஆட்சி மாறியதும் அரசுத் தரப்பு, மனு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் "அவர் சொல்வதுதான் சரி" என்று கட்சி மாறிவிட்டது. எதிர்த்து வாதாட ஆளில்லாமல் நீதிமன்றமே ஒரு வக்கீலை நியமித்தது. இத்தனைக்கும் அந்த ஃப்ளோரிடாக்காரரின் தண்டனை வரும் செப்டம்பரில் முடியப்போகிறது.

2021 மே 9, ஞாயிறு

கிராக்குக்குப் பவுடர் கோகைனைவிடப் பல மடங்கு தண்டனை என்ற இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். ஆரம்பம் இங்கே காலேஜ் பார்க்கில்தான். 1986 ஜூனில் மேரிலாண்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் லென் பயஸை பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தேர்ந்தெடுக்கிறது. இரண்டே நாளில் கோகைனால் இறந்துபோகிறார். பாஸ்டன்காரரான சபாநாயகர் டிப் ஓ'நீல் உடனே சட்டம் வேண்டும் என்கிறார். நவம்பரில் தேர்தல் வேறு. ரீகன் அரசு 20-க்கு 1 என்றது, பிரதிநிதிகள் சபை 50 என்றது, கடைசியில் 100-இல் வந்து நின்றது. 500 கிராம் பவுடருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை 5 கிராம் கிராக்குக்கு: குறைந்தது ஐந்து வருடம். அக்டோபர் 27 அன்று ரீகன் கையெழுத்து.

கிராக் என்பது வேறொன்றுமில்லை. அதே பவுடரைத் தண்ணீரும் சமையல் சோடாவும் சேர்த்துக் காய்ச்சிக் கட்டியாக்கியது. பயஸ் எடுத்ததோ பவுடர். கிராக் வழக்கில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

1995-இலேயே தண்டனை அளவுகளை வகுக்கும் அரசு ஆணையம் இரண்டையும் சமமாக்கச் சொன்னது. காங்கிரஸ், அதாவது இங்குள்ள நாடாளுமன்றம், அதைத் தள்ளிவிட்டது. அந்தத் தள்ளுபடிக்கு அதிபர் கிளிண்டனும் கையெழுத்துப் போட்டார். 2010-இல் வந்த சட்டத்தில்தான் 18-க்கு 1 ஆனது. ஏன் 18? பேரம் படிந்த இடம் அது, அவ்வளவுதான்.

2021 ஜூன் 14, திங்கள்

தீர்ப்பு வந்துவிட்டது. ஒன்பது பேரும் ஒரே குரலில் முடியாது என்றுவிட்டார்கள். நீதிபதி தாமஸ் எழுதியிருக்கிறார். 2010 சட்டம் மாற்றியது 5 கிராம், 50 கிராம் என்ற வரம்புகளை. இவர் மீது பதிந்த பிரிவில் அளவே கிடையாது. அங்கே எதுவும் மாறவில்லை, ஆகவே அந்த மாற்றத்தைப் பழைய கைதிகளுக்கும் நீட்டிய 2018 சட்டத்தின் பலன் இவருக்கு இல்லை. மூட்டை மூட்டையாக விற்றவன் மனு போடலாம், 3.9 கிராம்காரர் போட முடியாது.

வரிக்கு வரி படித்தால் தாமஸை மறுக்க முடியவில்லை, அதுதான் எரிச்சல். 2018 சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர்கள் டர்பினும் கிராஸ்லியும், இவரைப் போன்றவர்களையும் நினைத்துத்தான் எழுதினோம் என்று நீதிமன்றத்தில் சொல்லியும் எடுபடவில்லை. நினைத்ததை எழுதித் தொலைத்திருக்கலாமே! நீதிபதி சோட்டோமேயர், காங்கிரஸ் நினைத்தால் சரிசெய்யலாம் என்று முடிக்கிறார்.

"ஒன்பது பேரும் ஒத்துக்கிட்டா அது சரிதானே மாமா?" என்றான் அக்கா மகன். சட்டப்படி சரிதான்டா என்றேன். "அப்புறம் ஏன் கோபப்படறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

2021 செப்டம்பர் 28, செவ்வாய்

18-ஐயும் ஒழித்து 1-க்கு 1 ஆக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. 361-க்கு 66. இரு கட்சியும் சேர்ந்து! இனி செனட். அங்கே 60 வாக்கு வேண்டும். சரி, பார்ப்போம்.

2022 டிசம்பர் 21, புதன்

செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஆண்டு இறுதி நிதி மசோதாவோடு ஒட்டிவிடலாம் என்று பேசிவந்தார்கள், அதுவும் போச்சு. போன வெள்ளிக்கிழமை அரசு வக்கீல்கள் கிராக்கைப் பவுடர் போலவே நடத்த வேண்டும் என்று அட்டார்னி ஜெனரல் கார்லண்ட் உத்தரவு போட்டார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் இதென்ன என்று கிராஸ்லிக்குக் கோபம். உத்தரவுதானே, அடுத்து வருபவர் ஒரு கையெழுத்தில் எடுத்துவிடலாம்.

2025 ஜனவரி 18, சனி

பதவியில் இன்னும் இரண்டு நாள்தான். நேற்று பைடன் கிட்டத்தட்ட 2,500 பேரின் தண்டனையைக் குறைத்தார். கிராக்-பவுடர் வித்தியாசத்தையும் காரணமாகச் சொல்லியிருக்கிறார். 1986-இல் செனட்டராக அந்தச் சட்டத்தைக் கொண்டுவர முன்னின்றவர், 2007-இல் அதை ஒழிக்க மசோதா கொண்டுவந்தவர், இரண்டும் அவரே. வெளியே வருகிறவர்களின் குடும்பங்களை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்குக் கைதாகிறவனுக்கு இன்னமும் 18-க்கு 1தான். போன காங்கிரஸ் முடிந்ததும் அதில் கிடந்த மசோதாக்களெல்லாம் காலாவதி. புது எண் வாங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.