லேண்ட்ரோவர் நாட்குறிப்பு, தலவாக்கலை

2024 ஜூன் 2

மழை. டாஷ்போர்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே கிடப்பதை வயரிங் என்று சொல்ல வாய் வரவில்லை. பருத்தி நூல் பின்னிய பழைய உறை தொட்டதும் தூளாகிறது. அதன் மேல் யார் யாரோ, எந்தெந்தக் காலத்திலோ இழுத்த வயர்கள். வீட்டுச் சுவரில் போடுகிற வயர், ரேடியோ வயர், ஓரிடத்தில் தொலைபேசிக் கம்பி. எல்லாவற்றையும் ஒரே கறுப்பு டேப் சுற்றி ஒப்பேற்றியிருக்கிறார்கள். எலி குடும்பம் நடத்தியிருக்கிறது.

தோஹாவிலிருந்து அக்கா அழைத்தாள். அப்பாவின் மருத்துவ அறிக்கை வந்ததா என்றாள். வரவில்லை.

ஜூன் 4

பிரிட்டிஷ் வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூக்காஸ் கம்பெனியின் வயர் நிற ஒழுங்கை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். மண்ணிறம் பேட்டரியிலிருந்து நேரே வருவது, ஃபியூஸ் கிடையாது. வெள்ளை, சாவியைத் திருப்பிய பிறகு. பச்சை, சாவியையும் ஃபியூஸையும் தாண்டிய பிறகு. நீலத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் உயர் ஒளி, சிவப்புக் கோடு ஓடினால் தாழ் ஒளி. வெறும் சிவப்பு பின் விளக்குக்கு. கறுப்பு எர்த், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. இதை வகுத்தவர் யாரோ, அவருக்குக் கோடி புண்ணியம். அதன் மேல் கை வைத்தவர்களுக்குத்தான் நான் என்ன சொல்வது.

1966ஆம் ஆண்டு வண்டி. மொத்தமே இரண்டு ஃபியூஸ். முன் விளக்குகளுக்கு அதுவும் இல்லை.

வரைபடத்தில் இல்லாத ஒரு ஜோடி: சிவப்பும் கறுப்பும் முறுக்கியது. டாஷ்போர்டின் பின்னால் தொடங்கி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் போய் மறைகிறது. அப்பாவிடம் கேட்டேன். கண்ணைத் திறக்காமல், "அதை வெட்டாதே" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 5

முறுக்கு வயர் பின்பக்கம் போகிறது. அங்கே ஒன்றுமே இல்லை.

ஜூன் 9

இடது முன் விளக்கு மினுக்கிட்டாம்பூச்சி அளவுக்குத்தான் எரிகிறது. பல்பைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால் 12.4 வோல்ட். பல்பை மாட்டிவிட்டு அதே இடத்தில் வைத்தால் 8.9. பதினான்கு இழை உள்ள வயரில் பதின்மூன்று அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மீட்டர் இழுக்கிற மின்னோட்டம் அவ்வளவு சொற்பம். சுமை ஏறினால்தான் குட்டு வெளிப்படும். இனி மீட்டரோடு 21 வாட் பிரேக் பல்பு ஒன்றையும் தொங்கவிட்டுத்தான் எந்த வயரையும் நம்புவது.

மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும். பனி மூடிய மாலையில் இந்த மலைப் பாதையில் இத்தனை காலம் இதை வைத்துக்கொண்டு அப்பா எப்படித்தான் ஓட்டினாரோ.

அறிக்கை வந்தது. இரத்தம் சரி, சர்க்கரை சரி, ஈ.சி.ஜி. சரி. காலையில் எழுந்து கதவு வரை போனவர் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 12

எல்லாம் எர்த்தில்தான். ஹட்டன் மெக்கானிக் பாஸும் இதையேதான் சொன்னார்: "மல்லி (தம்பி), முதலில் எர்த்தைப் பார், பிறகு மற்றதைப் பேசுவோம்." போருக்குப் பிறகு பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்த காரணத்தால் 1948இல் முதல் லேண்ட்ரோவருக்கே அலுமினியக் கலவை உடல் கொடுத்தார்கள். அடிச்சட்டம் எஃகு. இரண்டு உலோகமும் சேருமிடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். விளக்குக்குப் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப அந்தப் பொடியைத் தாண்டித்தான் வரவேண்டும். நம் ஊர் ஈரத்துக்குச் சொல்லவா வேண்டும்? தலவாக்கலையில் ஜூன் மாதத்தில் துவைத்த சட்டையே காய்வதில்லை.

ஒவ்வொரு விளக்குக்கும் தனியாகக் கறுப்பு வயர் இழுத்து, அடிச்சட்டத்தில் ஒரே இடத்தில் சேர்த்தேன். பெயின்ட்டை எஃகு தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ். இடது விளக்கில் இப்போது இழப்பு 0.2 வோல்ட். பகலிலேயே சுவரில் வட்டம் தெரிகிறது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று போனேன். தூங்கிக்கொண்டிருந்தார்.

ஜூன் 13

அக்கா இரண்டு தடவை அழைத்தாள். என்ன சொல்வது?

ஜூன் 18

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் வந்தேன். ஒரு கடையில் வயர் சுருள், இன்னொன்றில் புல்லட் கனெக்டர், மூன்றாவதில் ரப்பர் வளையங்கள். 28 இழை வயர் 17 ஆம்பியருக்குக் குறையாமல் தாங்கும், முன் விளக்குகளுக்கு அது போதும். பற்றவைக்க அமிலப் பசையைத் தள்ளிவிட்டார் ஒருவர். வேண்டாம் என்று பிசின் ஈயமே வாங்கினேன். அமிலம் உறைக்குள் ஊர்ந்து செம்பைத் தின்றுவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்களின் வண்டிகள்தான் இரண்டு வருடத்தில் மறுபடி கராஜுக்கு வருகின்றன.

ஜூன் 21

பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. கடைகள் பூட்டு, தெருவில் இலவச உணவு கொடுக்கும் தன்சல் வரிசை. பின் விளக்கு வயர் அடிச்சட்டத்தின் குழாய்க்குள்ளேயே ஓடுகிறது. பழையதன் முனையில் புதியதைக் கட்டி மறுபக்கத்திலிருந்து இழுக்க வேண்டும். மெல்ல, அவசரமே படாமல். பாதியில் அறுந்தால் உள்ளே கிடக்கும் எலிக்கூட்டையும் சேற்றையும் தாண்டி இன்னொரு கம்பி விடுவது பிரம்மப் பிரயத்தனம். அறவில்லை.

முறுக்கு வயரை அப்படியே விட்டிருக்கிறேன்.

ஜூன் 25

விழுந்துவிட்டார். அடி பலமில்லை.

ஜூன் 26

வேலை எதுவும் இல்லை. எல்லாச் சோதனையும் அவரைப் படுக்க வைத்து எடுத்தவைதானே? எழுப்பி நிறுத்தி யார் பார்த்தார்கள்?

ஜூன் 27

தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து பிரஷர் பார்க்கிற கருவியை இரவல் வாங்கி வந்தேன். படுத்திருக்கும்போது மேல் எண் 142. எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து 108. நம்பாமல் மறுபடி பார்த்தேன், 110. அக்காவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள். அவள் வேலை செய்யும் வார்டில் மேல் எண் 20 இறங்கினாலே குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்வார்களாம். சிறுநீர் தாராளமாகப் போக இரவில் ஒரு மாத்திரை போடுகிறாரே, அதன் பெயரைக் கேட்டாள். பட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். நீயாக நிறுத்திவிடாதே, கண்டி கிளினிக்கில் காட்டு என்றாள். கண்டித் தேதி ஜூலை 10.

ஜூலை 1

பாஸ் வந்து பார்த்தார். இந்த வண்டியில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த். அதை எதிர்முனைக்கு மாற்றிவிடு, இப்போது விற்கிற எந்தச் சாமானும் பழைய முறைக்கு ஒத்துவராது என்றார். மாற்றினோம். அம்மீட்டரின் இரு வயர்களையும் இடம் மாற்றி, டைனமோவின் எஃப் முனையைப் பேட்டரியின் உயிர் முனையோடு நொடிப்பொழுது தொடவைத்தால் அதன் காந்தம் புதிய திசைக்குப் பழகிவிடும். பொறி பறந்தது. பக்கத்து லயத்துப் பையன், "ஸ்டார்ட்டர் இனி எதிர்ப்பக்கம் சுற்றாதா, மாமா?" என்றான். கெட்டிக்காரன். சுற்றாது. அதில் சுழலும் ஆர்மெச்சரும் அதைச் சுற்றிக் காந்தமாகும் புலச்சுருளும் தொடரில் இருக்கின்றன, இரண்டும் சேர்ந்தே திசை மாறுவதால் சுழற்சி மாறாது. தலையை ஆட்டினான், புரிந்ததோ என்னவோ.

ஜூலை 3

குளிரில் எஞ்சின் பிடிக்கவில்லை. டீசல் அல்லவா, தொடங்குமுன் சூடேற்ற நான்கு குளோ பிளக்குகள், அதுவும் தொடரில், தேர்த் திருவிழாச் சீரியல் பல்பு மாதிரி. ஒன்று போனால் நான்கும் போச்சு. எது போனது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, சுவிட்சைப் போட்டபடி ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் மீட்டரை வைப்பது. நல்லவற்றில் ஒன்றும் காட்டாது. முழு 12 வோல்ட்டும் செத்ததன் மேல்தான் நிற்கும். மூன்றாவது. பாஸிடம் பழையது ஒன்று இருந்தது. போட்டதும் இரண்டாவது சுற்றில் பிடித்தது. புகை கொட்டகை முழுக்க.

சத்தம் கேட்டு அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். நாற்காலி போட்டேன். கொஞ்ச நேரம் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பெல்லை மாட்டிவிட்டாயா?" என்றார்.

எந்த பெல்?

தோட்டத்தில் ஆம்புலன்ஸ் இல்லாத நாளில் பிரசவ வலி கண்டவர்களை ராத்திரியில் இந்த வண்டியில்தான் ஏற்றிப் போவாராம். எஞ்சின் இரைச்சலில் பின்னால் கூப்பிடுவது கேட்காது. அதனால் பின்பலகையில் ஒரு பொத்தான், முன்னால் ஒரு மணி. பெரிய துரைக்குத் தெரியாமல் போட்டது. எத்தனை பேரை ஏற்றிப் போனீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை, அந்த வயரை ஃபியூஸ் வழியாகக் கொடுத்திருக்கிறேனா என்று கேட்டார். கொடுக்கவில்லை என்றேன். கொடு என்றார்.

ஜூலை 4

பச்சை வயரிலிருந்து மணிக்கு இணைப்பு. ஃபியூஸ் உண்டு.

ஜூலை 7

பின் இண்டிகேட்டர் வலது பக்கம் எரிகிறது, மின்னவில்லை. ஃபிளாஷரா, சுவிட்சா? மழையில் குடை பிடித்துக்கொண்டு தேடினேன். அப்பாவின் பிரஷர் நின்றபோது 112, உட்கார்ந்தால் 130.

ஜூலை 9

நாளை கண்டி. எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, மாத்திரைப் பட்டையோடு பையில் வைத்துவிட்டேன். அப்பா லேண்ட்ரோவரில்தான் வருவேன் என்கிறார். இண்டிகேட்டர் இல்லாமல் ரம்பொடை வளைவுகளில் நான் இறக்க மாட்டேன், ரயிலில்தான் என்றேன். நீ ஓட்ட வேண்டாம், நான் ஓட்டுகிறேன் என்றார். அக்காவிடம் சொல்லிவிட்டேன், அவளே பேசட்டும். பாஸிடம் ஃபிளாஷர் ஒன்று இருக்கிறதாம், ஏழு மணிக்குள் போனால்