பிசிறு வந்துச்சா இல்லையா, அதான் கேள்வி

எங்க வீட்டு கத்தி எவ்ளோ மொக்கைன்னா, தக்காளி மேல வச்சு அமுக்குனா தோல் அறுபடாது, உள்ள இருக்கற விதையெல்லாம் பீச்சி அடிச்சு சட்டைல தெறிக்கும். அம்மாவுக்கு இதுல ஒரு கஷ்டமும் இல்ல, அவங்க இன்னிக்கும் அருவாமனை கட்சி, நானும் வீட்டுக்காரியும்தான் கத்தியோட மல்லுக்கட்டுறோம். சைக்கிள்ல சாணை பிடிக்கிறவர் எங்க தெருப்பக்கம் எப்பவாச்சும்தான் வர்றார், அதுவும் தண்ணி தொடாம சுத்துற கல்லுல வச்சு தீப்பொறி பறக்க தேய்ச்சா அந்த சூட்டுல விளிம்போட பதம் போயிடும், அப்பறம் ரெண்டே வாரத்துல பழையபடி மொக்கை. கல்லு வாங்கி கைலயே தீட்டிப் பாத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் மணிக்கட்டு ஒரு பக்கம் சாயும், விளிம்பு கூராகறதுக்கு பதிலா உருண்டையாயிடுச்சு.

அதனால ஆங்கிள் செட் பண்ற டூல் வாங்கலாம்னு எறங்குனேன். விஷயம் ரொம்ப சிம்பிள், கத்திய ஒரு கிளாம்ப் பிடிச்சுக்கும், கல்லு ஒரு ராடுல மாட்டியிருக்கும், ராடு ஒரே எடத்துலேர்ந்து போய்ட்டு வர்றதால கல்லு எப்பவும் ஒரே சாய்வுல கத்தில படும். லான்ஸ்கிங்கற கம்பெனி டூல்ல 17, 20, 25, 30 டிகிரின்னு நாலு ஓட்டை இருக்கும், ராட அதுல எதுலயாவது விட வேண்டியதுதான். வொர்க் ஷார்ப் பிரிசிஷன் அட்ஜஸ்ட்ல 15லேர்ந்து 30 வரைக்கும் திருகி வச்சுக்கலாம். ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர்ல கிளாம்பே கிடையாது, கல்லுதான் சாஞ்சு நிக்கும், நாம கத்திய நேரா கீழ இழுக்கணும், கை கொஞ்சம் நிதானமா இருக்கறவங்களுக்கு அது போதும். நான் வாங்குனது பேரு ஊரு தெரியாத கம்பம் வச்ச டைப், அதாவது ராட ஒரு கம்பத்துல மேல கீழ நகத்தி சாய்வு வச்சுக்கறது, விலை கம்மி. வாங்கறப்போ கல்லு எத்தன தர்றான்னு எண்ணாதீங்க, கிளாம்ப்ல ஆட்டம் இருக்கான்னு பாருங்க. கத்திய மாட்டிட்டு நுனிய விரலால தள்ளுனா அசையக்கூடாது. அப்பறம் 6 இன்ச்சுக்கு 1 இன்ச் கல்லு போடுற டைப்பா இருந்தா பின்னாடி தனியா டைமண்ட் பிளேட் (வைரப்பொடி ஒட்டுன தகடு) வாங்கி மாட்டிக்கலாம்.

முதல் நாள் நான் பண்ண கூத்த சொல்றேன். 20 டிகிரில வச்சு, சொரசொரப்பான கல்லுல ஆரம்பிச்சு வழவழப்பு வரைக்கும் அஞ்சு கல்லும் மாத்தி மாத்தி முக்கா மணி நேரம் தேய்ச்சேன். கத்தி கண்ணாடி மாதிரி பளபளன்னு முகம் தெரியுது. தக்காளில வச்சா, அதே பீச்சு! அம்மா எட்டிப் பாத்துட்டு "ஏண்டா, இதுக்கு பீங்கான் கப்போட அடில நாலு தேய் தேய்ச்சிருந்தா போதுமே"ன்னாங்க. அவங்க சொன்னது உண்மைதான், அன்னிக்கு கப்பு ஜெயிச்சிருக்கும்.

என்ன தப்புன்னு மறுநாள் மார்க்கர் போட்டுப் பாத்தப்போதான் புரிஞ்சுது. விளிம்பு முழுக்க கறுப்பு மார்க்கர் பூசிட்டு ரெண்டு இழுப்பு இழுத்தேன், மேல தோள்பட்டை பக்கம், அதாவது சரிவு ஆரம்பிக்கற எடத்துல மை அழிஞ்சிருக்கு, வெட்டற கூர்ல அப்படியே இருக்கு. அதாவது கல்லு கூர்ல படவே இல்ல, அதுக்கு மேல இருக்கற எடத்தத்தான் முக்கா மணி நேரம் பாலிஷ் போட்டிருக்கேன். டூல்ல எழுதியிருக்கற டிகிரி எல்லா கத்திக்கும் பொருந்தாது, கத்தி அகலமா இருந்தா விளிம்பு கம்பத்துலேர்ந்து தள்ளிப் போயிடும், சாய்வு குறைஞ்சிடும். கணக்கு போட்டுப் பாத்தா, 15 செ.மீ. தூரத்துல 20 டிகிரின்னா அதே உயரத்துல 17 செ.மீ. போனா 18க்கு கிட்ட வந்துடுது. பத்தாவதுல படிச்ச டேன் தீட்டா ஒருவழியா சமையக்கட்டுல உதவுச்சு. இப்ப நான் நம்பர பாக்கறதே இல்ல, மை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒண்ணா அழியற எடத்துல நிறுத்திக்கறேன்.

அடுத்தது பிசிறு. இத யாரும் சரியா சொல்லித் தரல. ஒரு பக்கம் தேய்க்க தேய்க்க, கல்லு உண்மையிலேயே விளிம்ப தொட்டதுன்னா எதிர்ப்பக்கம் மெல்லிசா ஒரு இரும்பு மடிப்பு எழும்பும். கட்டை விரல விளிம்புக்கு குறுக்கால, உள்ளேர்ந்து வெளிய லேசா இழுத்துப் பாத்தா நகத்துல மாட்டற மாதிரி சொரசொரங்கும், விளிம்பு நெடுக மட்டும் ஓட்டிடாதீங்க, ரத்தம்தான். அடிலேர்ந்து நுனி வரைக்கும் அந்த பிசிறு வராம அடுத்த பக்கமோ அடுத்த கல்லோ போகவே கூடாது. ரொம்ப மொக்கையான கத்திக்கு முதல் கல்லுலயே இருபது நிமிஷம் ஆகும், அதுக்கப்பறம் மத்த கல்லெல்லாம் ரெண்டு ரெண்டு நிமிஷம்தான். அவசரத்துல அழுத்தாதீங்க, டைமண்ட் பிளேட்டுன்னா அழுத்துனா பொடி உதிர்ந்துடும்.

அந்த பிசிற எடுக்கறதும் வேலைதான், இந்தப்பக்கம் ஒண்ணு அந்தப்பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி கல்லோட எடையில மட்டும் இழுக்கணும். கடைசியா சலூன்ல சவரக்கத்திய வார்ல தீட்டுவாங்களே அது மாதிரி பழைய லெதர் பெல்ட்டோட உள்பக்கம் பத்து தடவ, விளிம்பு பின்னாடி வர்ற மாதிரி, முன்னாடி தள்ளுனா பெல்ட்டு துண்டாயிடும். நம்ம காய்கறிக்கு 1000 கிரிட் கல்லோட (கிரிட்ங்கறது கல்லோட வழவழப்பு நம்பர், கூட கூட வழவழப்பு) நிறுத்திக்கலாம், அதுக்கு மேல போனா பளபளப்பு கூடுமே தவிர தக்காளித் தோல்ல வழுக்க ஆரம்பிச்சிடும், இது என் அனுபவம்.

இப்ப தக்காளிய பலகைல வச்சு கத்திய சும்மா இழுத்தாலே இறங்குது. அதப் பாத்துட்டு அம்மா அருவாமனைய தூக்கிட்டு வந்து "இதையும் அதுல மாட்டி குடு"ன்னாங்க. எந்த கிளாம்ப்ல மாட்டறது அத? கொஞ்ச நேரம் முழிச்சேன், அப்பறம்தான் தோணுச்சு, அது ஏற்கனவே பலகைல அசையாமத்தானே நிக்குது. கல்ல ராடுலேர்ந்து கழட்டி கைல எடுத்துக்கிட்டு, மார்க்கர் பூசி, மை அழியற சாய்வ பாத்து பாத்து தேய்ச்சேன், வளைவுல மட்டும் கொஞ்சம் இழுத்துச்சு, பிசிறு வந்துச்சு, எடுத்தேன். மறுநாள் காலைல சமையக்கட்டுலேர்ந்து சத்தம், "எவன்டா அருவாமனைல மை பூசுனது, வாழைக்காயெல்லாம் கறுப்பா இருக்கு!" கூரப் பத்தி ஒரு வார்த்த இல்ல. ஆனா மதியம் பாத்தா கட்டை விரல்ல துணி சுத்தியிருந்தாங்க.